சங்கிலி இருந்த இடம்

தினேஸ்வரி வீட்டின் பக்கவாட்டுக்கு வந்தபோது அவள் தம்பி தனேஷ் குழாயைத் திறந்து சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"இப்பவா இதக் கழுவணும்?"

"மாமா சைக்கிளு சேறா இருக்குக்கா. வர்றவங்க பார்ப்பாங்கல்ல."

சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் சைக்கிளையா பார்க்கப்போகிறார்கள்? முன்னால் கூடாரத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். கூடத்தில், பெட்டிக்குள், அவள் கணவர் கார்த்திகேசு. இரண்டு மணிக்கு எடுக்கவேண்டும்.

அவள் குனிந்து பார்த்தாள். சங்கிலி பின்பக்கத்துப் பெரிய பல்சக்கரத்தில் கிடந்தது. நேற்று மாலை காய்கறி லாரிக்காரர் சைக்கிளை இறக்கிவைத்துவிட்டுப் போனபோது அது ஆகச் சின்னதில் இருந்தது. அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அழுவதற்கு முன் அதைத்தான் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை தோறும் கார்த்திகேசு கூடத்தில் பழைய நாளிதழை விரித்து சைக்கிளைக் கவிழ்த்துவைப்பார். அவள் பெடலைச் சுற்றவேண்டும்; அவர் கியரை மாற்றிச் சரிபார்ப்பார். "ஏத்தத்துக்குப் பெருசு, எறக்கத்துக்குச் சின்னது," என்று வாரா வாரம் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வார்.

நேற்றிலிருந்து தனேஷ் எல்லோரிடமும் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். மாமாவும் அவனும் காலை ஆறு மணிக்கு மலையடிவாரத்துச் சிம்பாங் பூலாயில் கிளம்பினார்கள். கேமரன் மலை ஏறி, மறுபக்கம் தாப்பா வழியாக இறங்கி, இருட்டுவதற்குள் வீடு திரும்புவதாகத் திட்டம். பாதி ஏற்றத்தில் மாமா நெஞ்சைப் பிடித்தார். "என் மடியிலதான் உயிர் போச்சு. கடைசி வரைக்கும் என் கைய விடல." ஒரு சொல்கூட மாறவில்லை. மாமியார் வீரம்மா அதை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். ஒவ்வொரு முறையும் அவள் அழுகை சற்றே அடங்கியது.

"சங்கிலிய யாரு மாத்துனா?"

"தொடைச்சேன்லா. சுத்தும்போது மாறியிருக்கும்."

"தானா மாறாதுடா. யாருகிட்ட சொல்ற?"

அவன் தண்ணீரைச் சக்கரத்தின்மேல் பீய்ச்சினான். விரல்களெல்லாம் கறுப்பு மசகு.

"போட்டோவ ஏன் அழிச்ச?"

"எந்த போட்டோ?"

"மலை உச்சியில நின்னு குடும்ப குரூப்புல போட்டியே. நான் மீன் வாங்கிக்கிட்டு இருந்தேன். ஹார்ட் போட்டேன்." அவள் குரல் தாழ்ந்தது. "அதுல நீ மட்டுந்தான் நின்ன. நான் அதக்கூடப் பார்க்கல."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"நெஞ்சு எரியுதுன்னாருக்கா. காலையில சாப்ட்ட நாசி லெமாக்தான்னு சிரிச்சாரு. நீ ஏறு, நான் மெதுவா எறங்கி சிம்பாங் பூலாய்ல தே தாரிக் குடிச்சிக்கிட்டு இருக்கேன்னாரு."

"நீ ஏறுன."

"இன்னும் பாதி தூரந்தான்லா இருந்துச்சு."

அவனாகவே சொன்னான்.

"அதே வழியா எறங்கி வரும்போது வளைவுல காய்கறி லாரி நின்னுச்சு. அந்த லாரிக்காரருதான் துண்டால மாமா மொகத்த மூடியிருந்தாரு."

"அப்ப அவரு கைய யாரு புடிச்சிருந்தா?"

அவன் பதில் சொல்வதற்குள் சமையலறை வாசலில் வீரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன.

"தம்பி, தைப்பிங்லேருந்து கார்த்தியோட சித்தப்பா வந்திருக்காரு. அவருக்கும் சொல்லுய்யா. என் புள்ள தனியா போகலன்னு சொல்லு."

தனேஷ் அக்காவைப் பார்த்தான். தினேஸ்வரி குழாயை மூடினாள். சைக்கிளிலிருந்து நீர் சொட்டியது.

"போய்ச் சொல்லு," என்றாள்.

"அக்கா..."

"எப்படிப் புடிச்சாருன்னு அத்தைக்குக் காட்டுடா."

அவன் கையைச் சட்டையில் துடைத்தான். மசகு போகவில்லை. கிழவி காத்திராமல் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். அப்படியே அவனை உள்ளே கூட்டிப்போனாள்.

தினேஸ்வரி சைக்கிளைக் கவிழ்த்துவைத்தாள். கூடத்தில், "ஆறு மணிக்குக் கெளம்பினோம் தாத்தா," என்று தனேஷின் குரல் தொடங்கியது. அவள் ஒரு கையால் கியரை அழுத்தி, மறு கையால் பெடலைச் சுற்றினாள். சங்கிலி ஒவ்வொரு பல்சக்கரமாக இறங்கி, ஆகச் சின்னதில் போய் நின்றது.