வராத வலிப்பு

என் மகன் இளவரசுவுக்கு மூன்று வயதில் ஜுரம் கண்டு வலிப்பு வந்தது, அதிலே பேச்சு போய்விட்டது என்று இருபத்தாறு வருடமாகச் சொல்லி வந்தேன். ஜுரம் வந்தது உண்மை. வலிப்பு வரவில்லை. அவன் அதற்கு முன்பும் பேசியதில்லை.

பிறவியிலேயே என்றால் வம்சத்தைப் பேசுவார்கள். ஜுரத்தில் வந்தது என்றால் பாவம் என்று போய்விடுவார்கள். கீரப்பாளையத்தில் எங்கள் குடும்பத்தை யாரும் விரல் நீட்டிப் பேசியதில்லை. எனக்குக் கீழே கட்டிக்கொடுக்க இரண்டு தங்கைகள் இருந்தார்கள். கடலூரில் டாக்டர் கேட்டபோது, நாலு தரம் இழுத்தது என்றேன். அவர் நான் சொன்னதை எழுதிக்கொண்டு, காலையும் மாலையும் போட மாத்திரை கொடுத்தார். அதன்பிறகு பையன் அடங்கிவிட்டான். கத்துவதில்லை, ஓடுவதில்லை. தங்கமான பிள்ளை, இருக்கிற இடமே தெரியவில்லை என்று வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கும் அது பெருமையாகவே இருந்தது.

என் மகள் வெண்மதி சிதம்பரத்தில் முதுகலை கடைசி வருடம் படிக்கிறாள். ஆட்டிசம் உள்ளவர்களைப் பற்றித்தான் ஆய்வு. பெற்றோரிடம் கேட்க நீளமான வினாத்தாள் ஒன்று உண்டு. குழந்தை எப்போது உட்கார்ந்தது, எப்போது கூப்பிட்டால் திரும்பியது என்று போகும். முதலில் வீட்டில் கேட்டுப் பழகு என்று பேராசிரியை சொன்னாராம். என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மொத வார்த்த எப்பப்பா சொன்னான்?"

"ஒரு வயசுல. அம்மான்னு சொன்னான்."

அடுக்களையில் என் மனைவி ரத்தினம்மாள் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. வெண்மதி அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

"கடைசியா வலிப்பு எப்ப வந்துச்சு?"

"மாத்திர போடறான். எப்படி வரும்?"

அவள் பேனாவை மூடினாள். "அப்பா, அண்ணனோட ஈறு வீங்கி ரத்தம் வருது. நடந்தா தள்ளாடறான். அந்த மாத்திர ரொம்ப வருஷம் போட்டா இப்படித்தான் ஆவும். மூளைய படம் எடுத்துப் பாத்ததுல வலிப்புக்கு அடையாளமே இல்லயாம். டாக்டர் உங்க வாய்ச்சொல்ல நம்பித்தான் நிறுத்தாம வெச்சிருக்காரு. புதன்கெழம கேப்பாரு. வந்துச்சுன்னா வந்துச்சுன்னு சொல்லுங்க. வரலன்னா வரலன்னு சொல்லுங்க."

"பெத்தவன் பொய் சொல்றான்னு படிச்சியா அங்க?"

அவள் வினாத்தாளை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் ரத்தினம்மாளின் தம்பி பொன்னுரங்கம் வந்தான். வெண்மதிக்கு வடலூரில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தவன் அவன்தான்.

"மாமா, வெள்ளிக்கெழம வராங்க. பையன் பொறவியிலயே அப்படியான்னு கேட்டாங்க. சாமி சத்தியமா ஜுரத்துல வந்ததுன்னு அடிச்சிச் சொல்லிட்டேன். உங்க பொண்ணு ஆராய்ச்சி பண்றேன்னு எதயாவது கெளப்பி வுட்டுடப் போவுது. அப்புறம் நான் வடலூர் பக்கம் பஸ்ஸுல கூட போவ முடியாது."

"என் ஊட்டுல ரெண்டு பேச்சு இருக்காது" என்றேன்.

புதன்கிழமை இளவரசுவையும் வெண்மதியையும் கூட்டிக்கொண்டு கடலூர் போகும்போதும் அந்த எண்ணத்தில்தான் போனேன். பழைய டாக்டர் இல்லை, இவர் இளையவர். இளவரசுவின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு பல்லை மூடி வளர்ந்திருந்தது. பஞ்சை வைத்ததும் சிவந்துவிட்டது. மூன்று வயதில் முகத்தில் யார் கை பட்டாலும் ஊர் கூடக் கத்துவான், என் கையையே கடித்திருக்கிறான். இப்போது வாயைத் திறந்தபடி நின்றான். பஞ்சை எடுத்த பிறகும் மூடவில்லை. டாக்டர் தாடையைத் தொட்டு மூடிவிட்டார்.

"வலிப்ப நீங்க கண்ணால பாத்தீங்களாய்யா?"

"வரல" என்றேன்.

"மாத்திர ஆரம்பிச்ச பிறகா?"

"எப்பவுமே வரல. நான்தான் சொன்னேன்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவரோ, மாதாமாதம் கொஞ்சமாகக் குறைக்கவேண்டும், சட்டென்று நிறுத்தக்கூடாது என்று வெண்மதியிடம் விளக்கினார்.

வெளியே வந்ததும் அவள் பொன்னுரங்கத்துக்குப் போன் செய்தாள். "மாமா, அண்ணனுக்குப் பொறவியிலயேதான்னு வடலூர்ல சொல்லிடுங்க." அவன் கத்தியது எனக்கே கேட்டது. "படிச்ச படிப்பு ஊட்டுக்கே வேட்டு வெக்குதா?" வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. அதற்காக நான் வருத்தப்படவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். வருத்தப்பட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாலையே அவள் வினாத்தாளை மறுபடி எடுத்து வந்தாள். என் பழைய பதில்கள்மேல் கோடு போட்டிருந்தாள். இம்முறை ரத்தினம்மாளும் வந்து உட்கார்ந்தாள். மூன்று வயதுவரை தட்டைச் சுழற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்ப்பான், மழைச்சத்தம் கேட்டால் கைதட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடுவான், பெயர் சொன்னால் திரும்பமாட்டான் என்று நாங்கள் மாற்றி மாற்றிச் சொன்னோம். ரத்தினம்மாள் ஓர் இடத்தில் சிரித்தும்விட்டாள். வெண்மதி நிமிராமல் எழுதினாள்.

"சரி. அஞ்சு வயசுல அவனுக்கு எது புடிக்கும்?"

நான் ரத்தினம்மாளைப் பார்த்தேன்.

"பத்து வயசுல?"

"தூங்குவான்மா" என்றாள் அவள். "எழுப்பி எழுப்பிச் சோறு குடுப்பேன்."

வெண்மதி அந்தக் கட்டத்தில் ஏதும் எழுதவில்லை. அடுத்த கட்டத்திலும் எழுதவில்லை. பக்கத்தைத் திருப்பினாள்.