எழுபத்தொன்றாவது பறவை

மாமனார் காலமாகி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, கணவனும் மனைவியுமாக வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார்கள். ஆறு வருடத்தில் இருவரும் சேர்ந்து வாசலைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. பூட்டைத் தேடவே கால் மணி நேரம் ஆயிற்று. எப்போதும் யாராவது ஒருவர் உள்ளேயே இருந்த வீட்டில் பூட்டுக்கு வேலை இருந்ததில்லை.

கணவர் குளிர்பானம் அடைக்கும் தொழிற்சாலையில் மெக்கானிக். கண்ணாடிப் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஓடும் பட்டையின் பக்கத்தில் இருபத்திரண்டு வருடம் நின்றவர். அவள் பொய்ப்பல் செய்யும் லேபில் வேலை பார்ப்பவள். லேபில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. முதலில் கேலியாக வைத்த பெயர். பிறகு அதுவே நிலைத்துவிட்டது. அவர் காலை ஷிப்ட் முடித்து இரண்டரைக்கு வருவார், அவள் மூன்று மணிக்குக் கிளம்புவாள். செருப்பை மாட்டிக்கொண்டே, "திருப்பிப் படுக்க வச்சாச்சு, மருந்து குடுத்தாச்சு" என்று சொல்லிவிட்டுப் போவாள். பக்கவாதம் வந்து பேச்சும் வலது பக்கமும் போன மாமனாரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். கணவன் மனைவி பேச்சு என்று அந்த ஆறு வருடத்தில் நடந்தது பெரும்பாலும் அவ்வளவுதான்.

அன்றைக்கு ஒரு ஹோட்டலில் உட்கார்ந்தார்கள். சாப்பாடு பாதியில் இருக்கும்போதே பல்லக்கா எழுந்துவிட்டாள்.

"எங்கே போற?"

"டைம் ஆச்சுங்க."

"எதுக்கு டைம் ஆச்சு?"

அவள் நின்றாள், யோசித்தாள், உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டிலும் அப்படித்தான். அவள் துடைத்த அலமாரியையே துடைத்தாள். அவர் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைப் பிரித்து ரிப்பேர் செய்து ஒரேயடியாக நிறுத்திவிட்டார். ஓய்வு கிடைத்தால் என்னென்னவோ செய்ய வேண்டும் என்று இருவருமே நினைத்திருந்தார்கள். கிடைத்தபோது அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மாமனாரின் சக்கர நாற்காலியைப் பழைய சாமான் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கடைக்காரர் ரொக்கம் தர மாட்டேன் என்றார். "உள்ள போய்ப் பாருங்க, புடிச்சதா ஒண்ணு எடுத்துக்கோங்க, கணக்கு சரியாப் போச்சு." உள்ளே மெக்கானிக் ஒரு பைனாகுலரைக் கையில் எடுத்து, திருகு தளர்ந்திருப்பதைப் பார்த்து, அங்கேயே நாணயத்தால் முடுக்கினார். அதன் வழியாக எதிர்க் கட்டடத்தின் உச்சியைப் பார்த்தார். "ஏய், இங்க வந்து பாரேன். அந்தப் புறாவுக்குக் கண்ணு சிவப்பா இருக்கு" என்றார். ஆறு வருடத்தில் அவர் அவளை எதையாவது பார்க்கக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை என்று அவளுக்குத் தோன்றியது.

அப்படித்தான் தொடங்கியது. ஒரு வருடம் பார்ப்போம் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு நோட்டு வாங்கினார்கள். விதி ஒன்றே ஒன்று: இருவரும் பார்த்தால், அல்லது இருவரும் கேட்டால்தான் எண் போட்டு எழுதுவது. பக்கத்து ஊர் ஏரி, மூடிப்போன கல்குவாரி, வயல்களுக்கு நடுவே ஓடும் வாய்க்கால் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் முதல் பஸ் பிடித்தார்கள். வார நாட்களில் பால்கனி.

பறவை பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். இவர்களிடம் அது மருந்துக்கும் இல்லை. ஓரிடத்தில் இருபது நிமிடம் நின்றால் அவளுக்குக் கால் பரபரக்கும். "அந்தப் பக்கம் போய்ப் பாக்கலாமாங்க?" அந்தப் பக்கம் போனால் அவருக்கு இந்தப் பக்கமே தேவலை என்று இருக்கும். அப்படி அலைந்ததிலேயே நிறைய பறவைகள் சிக்கின. பல்லக்காவின் கண் பொல்லாத கண். பற்களின் பதினாறு வகை வெள்ளையைப் பத்தொன்பது வருடமாகப் பிரித்துப் பார்த்துப் பழகியவள். "அது வேற கொக்குங்க. இது சுத்த வெள்ளை, அது டீ குடிக்கிறவங்க பல்லு மாதிரி இருக்கு பாருங்க." புத்தகத்தைத் திறந்தால் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். ஆள்காட்டி, முக்குளிப்பான், வாலாட்டி, மீன்கொத்தியில் மூன்று வகை என்று குளிர்காலம் முடிவதற்குள் எழுபது ஆகிவிட்டது.

எழுபத்தொன்றாவது, நாணல் கதிர்க்குருவி. ஏரியின் தெற்கு மூலையில் நாணல் புதருக்குள் இருந்து கரகரவென்று ஒரு பாட்டு. ஆள் மட்டும் வெளியே தலை காட்டவில்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "கேட்டீங்களா?" என்றாள். "கேட்டேன் கேட்டேன்" என்றார். அவரே நோட்டை எடுத்து எழுதினார்.

அதற்கடுத்த புதன்கிழமை மதியம், ஷிப்ட் முடிந்து வந்த அவர் பால்கனியில் துணிக்கொடியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய முழங்கைக்குப் பக்கத்துத் தொட்டியில் ஒரு தையல்சிட்டு வந்து உட்கார்ந்து கத்தத் தொடங்கியது. அதன் உடம்புக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே கிடையாது. சமையலறையில் இருந்த அவளுக்கே காதைக் குடைந்தது. அவர் திரும்பவில்லை. கயிற்றில் முடிச்சுப் போட்டார், இழுத்துப் பார்த்தார், இன்னொரு முடிச்சுப் போட்டார். குருவி கத்திக் களைத்துப் பறந்தது.

அவள் சமையலறை வாசலில் நின்று பார்த்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, அதே நாணல் புதர் முன்னால் நின்றார்கள். காற்றுகூட இல்லை. அவள் விரலை உயர்த்தி, "கேக்குதுங்களா?" என்றாள்.

"ம். போன வாரத்தை விட இன்னிக்குக் கிட்ட இருக்கு."

எதுவும் பாடவில்லை. ஏரியே வாயை மூடிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நாளா?" என்றாள்.

அவர் புரியாதது போல நோட்டைப் பிரித்தார். அவள் அதைப் பிடுங்கி மூடினாள். "எவ்வளவு நாளா உங்களுக்குக் காது கேக்கல?"

"நீ பேசறது கேக்குதே."

"நான் குருவியா?"

அவர் கரையில் உட்கார்ந்துவிட்டார். "இங்க வர ஆரம்பிச்சு மூணாவது வாரம். என்ன கத்து கத்துது பாருங்கன்னு சொன்னே. எனக்கு அந்தக் குருவி வாயைத் தொறந்து தொறந்து மூடறது மட்டும்தான் தெரிஞ்சுது. அப்பத்தான் எனக்கே தெரியும்."

"அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவளுக்கு அந்த மணி நினைவுக்கு வந்தது.

மாமனாரின் இடது கைக்கு எட்டும்படி கட்டிலில் ஒரு சின்ன மணி கட்டியிருந்தார்கள். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். கணீரென்று இல்லாமல் மெல்லிசாகக் கிணுகிணுக்கும். அவள் எட்டு மணிக்கு வேலை முடிந்து வரும்போது எத்தனையோ நாள் மெத்தை ஈரமாக இருந்திருக்கிறது. மாமனார் சுவரைப் பார்த்துக் கிடந்திருக்கிறார். "மணி அடிச்சிருப்பாருங்க, நீங்க டிவியில மூழ்கியிருப்பீங்க" என்று அவள் பாய்வாள். "சத்தியமா அடிக்கல" என்று அவர் நிற்பார். பெற்ற அப்பாவுக்கே இப்படி என்றால் நாளைக்கு எனக்கு என்ன செய்வீர்கள் என்றுகூட ஒருநாள் கேட்டிருக்கிறாள். சாட்சி சொல்ல வேண்டியவரோ பேச முடியாதவர்.

"அப்பா மணி அடிச்சிருக்காருல்ல?" என்றார் மெக்கானிக், தண்ணீரைப் பார்த்தபடியே. "நான் பக்கத்து அறையிலதான் இருந்தேன். அவர் அடிச்சிட்டே இருந்திருக்காரு."

அவளுக்கு அவர் தோளில் கை வைக்கத் தோன்றியது. ஆனால் வாயில் வந்தது வேறு. "இத்தனை மாசம் தலையை ஆட்டி ஆட்டி என்னை ஏமாத்தியிருக்கீங்க. இந்த நோட்டுல எத்தனை பொய்யோ!" பஸ்ஸில் இருவரும் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள்.

அடுத்த நான்கு ஞாயிறும் அவள் தனியாகப் போனாள். வாய்க்கால் ஓரத்தில் ஒரு பனங்காடை இறக்கையை விரித்தபோது உள்ளே இருந்த நீலத்தைப் பார்த்து அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்த்தாள், சொல்ல ஆளில்லை. விதிப்படி அதை எழுதவும் முடியாது. கோபமாகத்தான் நடந்தாள். யார் மேல் என்பதுதான் வாரத்துக்கு வாரம் குழம்பிக்கொண்டே போயிற்று.

நான்காவது ஞாயிறு திரும்பி வந்தபோது சாப்பாட்டு மேஜையில் ஒரு காகிதம் இருந்தது. கட்டம் போட்ட தாளில் ஒரு கோடு, பாதி வரை சமமாகப் போய், பிறகு கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்கியிருந்தது.

"காது டெஸ்ட் பண்ற பொண்ணு சொல்லுச்சு," என்றார் அவர். "சார், மெல்லிசா, கீச்சுன்னு கேக்கற சத்தம் எதுவும் உங்களுக்கு ரொம்ப வருஷமாவே இல்லைன்னு. எவ்வளவு வருஷம்னு கேட்டேன். பத்துகூட இருக்கலாமாம். பாட்டில் சத்தம் தின்னுடுச்சு." பிறகு மெதுவாகச் சொன்னார். "நோட்டுல எழுபத்தொண்ணை அடிச்சிட்டேன். அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் கண்ணால பாத்தது."

கோடை பிறந்தபோது காது மெஷின் வந்தது. முதல் வாரம் அவர் வீட்டுக்குள் பேயைக் கண்டவர் மாதிரி நடமாடினார். பேப்பரைப் புரட்டினால் தகரத்தைக் கிழிப்பது போல் இருந்தது. "உன் முட்டி இப்படியா சத்தம் போடும்?" என்று அவளைப் பார்த்துக் கேட்டார். "இருபது வருஷமாப் போடுது, இன்னிக்குத்தான் விசாரிக்கிறீங்க" என்றாள். தையல்சிட்டு கத்தியபோது கையில் இருந்த டம்ளரைக் கீழே போட்டார். பிறகு அதே இடத்தில் வெகுநேரம் அசையாமல் நின்றார். நாணல் கதிர்க்குருவிகள் அதற்குள் வடக்கே போய்விட்டிருந்தன.

மறுபடி சேர்ந்து போக ஆரம்பித்தார்கள். ஆனால் இப்போது நிலைகொள்ளாமல் தவித்தது அவள்தான். அவர் புதுக் காதோடு மரத்தடியில் நின்றால் நின்றபடி நிற்பார். அவள் போய்ப் போய் வருவாள். லேபில் இரண்டு பற்களின் நிறத்தைத் தவறாகக் கலந்தாள். பத்தொன்பது வருடத்தில் அப்படி நடந்ததே இல்லை. இத்தனை காலம் பழியைப் போட ஒரு ஆள் இருந்தார். அவர் இப்போது தப்பித்துக்கொண்டார். மிச்சம் இருந்தது அவளுடைய பங்கு மட்டும்தான்.

மழைக்காலம் திரும்பி, அவர்கள் சொன்ன ஒரு வருடம் முடிய இரண்டு வாரம் இருந்தது. வயல் நடுவே மழை பிடித்துக்கொண்டது. மோட்டார் கொட்டகை ஒன்றில் ஒதுங்கினார்கள். கூரைத் தகரத்தில் மழை கொஞ்சம் அடங்கியதும் அவள் பேசினாள்.

"எனக்குக் கேட்டுச்சுங்க."

"எது?"

"மணி. காலையில நான் இருக்கற நேரத்துல. அடிச்சாரு. முழிச்சுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். எந்திரிக்கல. இன்னும் அஞ்சு நிமிஷம், அஞ்சு நிமிஷம்னு கண்ணை மூடிக்கிட்டேன். அவர் அடிச்சு அடிச்சு விட்டுட்டாரு. அப்புறம் போய், இப்பத்தான் கேட்டுச்சு மாமான்னு சொன்னேன். அவரு என்னைப் பாத்தாரு."

மெக்கானிக் காதில் இருந்த மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்து, பையைப் பொத்திக்கொண்டு, மழையில் இறங்கி நடந்தார். வரப்பின் கோடி வரை போனார். அங்கே நின்றார். அவள் கொட்டகையின் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். மழைச் சத்தத்தில் பாதிதான் கேட்டிருக்குமோ, இன்னொரு தரம் சொல்ல வேண்டுமோ, இன்னொரு தரம் சொல்ல வாய் வருமோ என்று அவளுக்குத் தெரியவில்லை.

தொப்பலாக நனைந்து திரும்பி வந்தார். கையைத் துடைக்க உலர்ந்த துணி தேடினார். அவள் முந்தானையை நீட்டினாள்.

"எத்தனை தடவை?" என்றார்.

"மூணு. நாலு இருக்கும். தெரியல."

மெஷினை மாட்டிக்கொண்டார். அது பொருந்துவதற்கு இரண்டு மூன்று தடவை திருக வேண்டியிருந்தது. "எனக்குக் கேட்டிருந்தா மட்டும் ஓடியிருப்பேனா? ஷிப்ட் முடிஞ்சு வந்து விழுந்து கிடப்பேன். எந்திரிச்சிருப்பேன்னு அடிச்சுச் சொல்ல முடியல. அதைத்தான் யோசிச்சேன்."

அவள் அழுதாள். அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மழை விட்டபின் பஸ்ஸுக்கு நடந்தார்கள். அன்று நோட்டைத் திறக்கவே இல்லை.

அந்த வாரம் இருவருமாக மாமனாரின் அறையை ஒழித்தார்கள். கட்டிலை ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தார்கள். கட்டில் போனபின் மாமனார் பார்த்துக் கிடந்த சுவரை அவள் சற்று நேரம் பார்த்தாள். சாதாரணச் சுவர்தான். மெக்கானிக் அங்கே அவளுக்கு வேலை மேஜை போட்டுக் கொடுத்தார். ஜன்னல் வெளிச்சம் பல்லின் நிறம் பார்க்கத் தோதாக இருந்தது.

நாத்தனார் போன் செய்தாள். "ஒரு வருஷம்னு சொன்னீங்களே அண்ணி, முடிஞ்சுதா? இனிமேலாவது ஞாயித்துக்கிழமை வீட்டுல இருப்பீங்களா?"

"வீட்டுல இருந்தா உங்க அண்ணன் ஃப்ரிட்ஜைப் பிரிச்சுடுவாரு" என்றாள் பல்லக்கா.

அந்த ஞாயிறும் முதல் பஸ் பிடித்தார்கள். திரும்பும் வழியில், பாலத்துக்கு மேலே ஒரு பெரிய பறவை வட்டமடித்ததை இருவரும் ஜன்னல் வழியே பார்த்தார்கள்.

"பருந்துங்க. எழுத ஒண்ணும் இல்லை."

"பருந்து எழுபது தடவை பாத்தாச்சு. அது கழுகு. இறக்கையைப் பாத்தியா, எவ்வளவு அகலம்?"

"வாலைப் பாத்தீங்களா நீங்க? நடுவுல வெட்டினாப்புல இருந்துச்சு. பருந்துதான்."

"வெயில் கண்ணுல அடிக்குது, உனக்கு எப்படி வால் தெரிஞ்சுது?"

"காதைத்தானே மாத்தினீங்க, கண்ணையும் காட்டிட்டு வாங்க."

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மெக்கானிக் புத்தகத்தை எடுத்து மடியில் விரித்தார். வீட்டு நிறுத்தம் வந்து இறங்கி நடக்கும்போதும் அந்தத் தகராறு தீர்ந்திருக்கவில்லை.