முப்பதாம் நாள் தண்ணீர்

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் எங்கள் ஜைன ஆட்களுக்கு நேரம் பார்த்துக் கொடுத்த மேதை நான்தான். பெயர் ராய்ஷி. நைரோபியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தேன். இங்கே வந்த பின் பஸ் டிப்போவில் எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று அட்டவணை போடும் வேலை. அதனால் எழுபத்து மூன்றாம் வருஷம், சூரியன் உதிக்கும் நேரம், மறையும் நேரம் போட்டு ஒரு அட்டை அச்சடிக்க வேண்டும் என்று சங்கத்தில் பேச்சு வந்ததுமே எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது. நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சரி என்றேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

நைரோபியில் இப்படி ஒரு அட்டையே தேவைப்பட்டதில்லை. அங்கே சூரியன் ஒழுங்கான அரசாங்க ஊழியன்; வருஷம் முழுக்க ஆறரைக்கு வருவான், ஆறரைக்குப் போவான். இங்கேயோ டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே கடையைக் கட்டிவிடுகிறான், ஜூனில் ஒன்பதரை ஆனாலும் நகர மாட்டேன் என்கிறான். இருட்டிய பின் சாப்பிடக் கூடாது, சூரியன் உதித்து நாற்பத்தெட்டு நிமிஷம் ஆகாமல் தண்ணீர்கூடத் தொடக் கூடாது என்று விரதம் வைத்திருக்கும் எங்கள் பெண்கள், ஆலைக்கும் போய்க்கொண்டு இந்தச் சூரியனோடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

கங்குபென் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருந்தார். ஐம்பத்தெட்டு வயது. கணவர் நைரோபியிலேயே போய்விட்டார். இங்கே மருமகள் ஹன்ஸாவோடு பனியன் கம்பெனியில் மடித்துக் கட்டும் வேலைக்குப் போனார். அந்த ஆகஸ்டில் அவர் ஒரு மாத உபவாசம் தொடங்கினார். முப்பது நாளும் சாப்பாடு கிடையாது. பகலில் மட்டும் காய்ச்சி ஆற வைத்த தண்ணீர். இந்த ஊரில் அதுவரை யாரும் அதைச் செய்ததில்லை. "அந்தக் குளிர் தேசத்துக்குப் போனவங்ககிட்ட தர்மம் எங்க நிக்கப்போகுது" என்று குஜராத்தின் ஜாம்நகரிலிருந்து அவருடைய மைத்துனர் எழுதியிருந்தாராம். கங்குபென் அதற்குப் பதில் எழுதவில்லை. கம்பெனிக்கு லீவு எழுதிக் கொடுத்தார்.

உபவாசத்தின் முப்பதாம் நாள்தான் சம்வத்ஸரி. வருஷத்தில் அந்த ஒரு நாள் நாங்கள் எல்லாரும் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்போம். மறுநாள் பள்ளிக்கூட ஹாலில் அவருக்கு முதல் கரண்டி பயறுத் தண்ணீர் ஊட்டுவதாக ஏற்பாடு. மேயர் வருகிறார், பத்திரிகைக்காரர் வருகிறார் என்று சங்கச் செயலாளர் வெர்ஷிபாய் கோட்டைச் சலவைக்குப் போட்டுவிட்டார்.

இருபத்தேழாம் நாள் எனக்குக் காலை ஷிஃப்ட். நான் வழக்கமாக மதியம் போகிறவன். ஆறு மணி தாண்டித் தெருவில் நடக்கிறேன். பல வாரம் கழித்து அன்றுதான் வானம் சுத்தமாக இருந்தது. ஆலைப் புகைபோக்கிக்குப் பின்னாலிருந்து சூரியன் மெல்லத் தலையை நீட்டுகிறான். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு மணி எட்டு நிமிஷம். பையிலிருந்து அட்டையை எடுத்தேன். உதயம் ஐந்து எட்டு என்று என் கையால் போட்டிருந்தது.

நடுரோட்டில் நின்றுவிட்டேன். மார்ச் மாதம் இந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். டிப்போவின் பதினேழு கடிகாரங்களையும் தள்ளி வைத்தவனே நான்தான். ஆனால் அட்டை போட நான் பார்த்தெழுதிய புத்தகத்தில் இருந்தது தள்ளாத நேரம். அதை அப்படியே காப்பியடித்து இருநூறு பிரதி அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் ஒரு மணி நேரம் முன்பாகவே வாயைக் கட்டிக்கொண்டவர்களுக்குத் தோஷமில்லை. காலையில்தான் வினை. மற்றவர்கள் ஏழு மணிக்கு மேல்தான் டீ குடிக்கிறவர்கள், தப்பினார்கள். அட்டையைப் பார்த்து முதல் நிமிஷமே தண்ணீர் குடித்தவர் கங்குபென் ஒருவர்தான். தாகத்தில் இரவெல்லாம் காத்திருந்து, இருபத்தேழு நாளும், சூரியன் உதிக்கும் முன்னாலேயே குடித்திருக்கிறார்.

அன்று மாலை முதலில் வெர்ஷிபாயிடம்தான் ஓடினேன். அவர் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"யோவ் ராய்ஷி, வாய மூடிக்கிட்டு இரு. இன்னும் மூணே நாள். சாயங்காலம் ஒரு மணி நேரம் கூடத்தானே பட்டினி கெடந்தாங்க? அது இதுக்கு ஈடாப் போச்சு."

"அப்படிச் சொல்ல நாம யாரு?"

"வேற யாரு இருக்கா? கேட்டாச் சொல்ல ஒரு மகராஜ் இருக்காரா இங்க?"

அது உண்மைதான். மகராஜ் என்று நாங்கள் சொல்லும் எங்கள் துறவிகள் வண்டி ஏற மாட்டார்கள், நடந்துதான் போவார்கள். கடலை நடந்து கடந்தவர் இதுவரை யாருமில்லை. தப்பு செய்தால் இன்ன பரிகாரம் என்று சொல்ல இந்தத் தீவு முழுக்க ஒரு ஆள் கிடையாது. ஜாம்நகருக்கு எழுதினால் பதில் வரப் பத்து நாள்.

வீட்டில் என் மனைவி மோங்கி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இந்தாங்க, மூணு நாள் கழிச்சு அவங்க முன்னாடி கைகூப்பி மன்னிச்சிடுங்கன்னு கேப்பீங்கல்ல? எதுக்குன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்றாள். சட்டையைக்கூட மாற்றாமல் கிளம்பினேன்.

கங்குபென் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உடம்பு பாதியாகிவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். ஹன்ஸாதான் கொதித்தாள். "பஸ்ஸு நேரத்த மட்டும் சரியாப் போடத் தெரியுதுல்ல உங்களுக்கு?"

"அவன விடுடி," என்றார் கங்குபென். குரல் காற்றுப் போல வந்தது. "தெனம் இருட்டா இருந்துச்சு, ராய்ஷி. லைட்டப் போட்டுத்தான் உன் அட்டையப் படிச்சேன். லைட்டு வேண்டியிருந்துச்சேன்னு எனக்கு ஒரு நாளாவது உறைச்சிருக்க வேணாமா? தாகம். எப்படா நேரம் வரும்னு இருந்துச்சு. அதான் அட்ட சொன்னத நம்பிட்டேன்."

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இப்ப என்ன பண்றது, கங்குபென்?"

"கேக்கறதுக்குத்தான் ஆளில்லையே. நானே சொல்லிக்கிறேன். இனிமே காயிதம் வேணாம். சூரியன் இருக்கான்னு கண்ணால பாத்து யாராவது சொன்னாத்தான் தண்ணி."

இருபத்தெட்டாம் நாள் பதினொரு மணிக்கு மேகம் கொஞ்சம் விலகியது. குடித்தார். இருபத்தொன்பதாம் நாள் விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. தெருவில் எங்கள் பெண்கள் குடையோடு அண்ணாந்து நின்றார்கள். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது என்று யாரோ போன் செய்ய, நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். அது சிகரெட் விளம்பரத்தின் விளக்கு. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா டோரிஸ் வாசலுக்கு வந்து, "என்னத்தத் தேடறீங்க எல்லாரும்?" என்று கேட்டார்.

"சூரியன."

"நாங்களும் அதத்தான் தேடறோம், இருவது வருஷமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். போனவர் திரும்பி வந்து, மாடி ஜன்னலிலிருந்து தானும் பார்ப்பதாகச் சொன்னார். சாயங்காலம் வரை பார்க்கவும் செய்தார். சூரியன் வரவில்லை. அன்று கங்குபென் நாக்கில் ஒரு சொட்டு படவில்லை.

முப்பதாம் நாள் காலையிலும் அதே மழை. டிப்போவுக்கு லீவு சொல்லிவிட்டு அந்த ஊரில் எட்டிய உயரமெல்லாம் ஏறிப் பார்த்துவிட்டேன். ஒன்பது மணிக்கு நனைந்த கோட்டோடு அவர் வீட்டுக்குப் போனேன். ஹன்ஸா படிக்கட்டிலேயே என் கையைப் பிடித்தாள்.

"டாக்டர் வந்துட்டுப் போனாரு. மத்தியானத்துக்குள்ள தண்ணி உள்ள போகலைன்னா ஆஸ்பத்திரியாம். அங்க குளுகோஸ் ஏத்திடுவாங்களாம். இருபத்தொம்பது நாள் கெடந்து கடைசி நாள்ல... பாத்தேன்னு சொல்லிடுங்க. உங்க கால்ல விழறேன்."

மாடியறையில் மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கங்குபென்னின் உதடு வெடித்திருந்தது. கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

"பாத்தியா?"

ஒரே வார்த்தை. பாத்தேன் என்றால் தண்ணீர், உயிர், உபவாசம், எல்லாம் மிஞ்சும். யாருக்கும் தெரியப்போவதில்லை. வாயைத் திறந்தேன். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வரவில்லை.

"பாக்கல, கங்குபென். ஊரெல்லாம் சுத்திட்டேன். கண்ணுல படவேயில்ல."

ஹன்ஸா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கங்குபென் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு என் மேலேயே கோபம் பொங்கியது. அந்தக் கோபத்தில்தான் மூளை வேலை செய்தது. மேசை விளக்கை அணைத்தேன். திரைச்சீலையை ஓரம் வரை இழுத்து விட்டேன். மழையின் சாம்பல் வெளிச்சம் கட்டில் வரைக்கும் வந்தது.

"கங்குபென், கண்ணத் தொறங்க. கடிகாரம் வர்றதுக்கு முன்னாடி, மழைக்காலத்துல நம்ம ஆளுங்க விடிஞ்சுதான்னு எதப் பாத்துச் சொன்னாங்க?"

"உள்ளங்கைய" என்றார். "வெளக்கு இல்லாம ரேக தெரிஞ்சா விடிஞ்சுதுன்னு அர்த்தம்."

"அப்ப பாருங்க."

கையைத் தூக்கினார். "எங்கையி ஆடுது. ஒண்ணும் புரியல. உன் கையக் குடு."

கட்டிலருகே மண்டியிட்டு வலது கையை விரித்து நீட்டினேன். தலையணையிலிருந்து எழுந்து, மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். காய்ந்த விரல் ஒன்று என் உள்ளங்கையில் கட்டைவிரல் பக்கமிருந்து தொடங்கி மணிக்கட்டு வரை மெதுவாக நகர்ந்தது. அவர் அவசரப்படவில்லை.

"ஆயுசு ரேக நல்லாத் தெளிவாத் தெரியுது," என்றார். "நீளமாத்தான் இருக்கு. இன்னும் எத்தன தப்பு பண்ணப்போறியோ."

பிறகு என் கையை விடாமலே தலையைத் திருப்பி, "ஹன்ஸா, தண்ணி கொண்டா" என்றார்.