பெயர் மாறிய நாற்காலி

சக்கர நாற்காலி மனைவியின் பெயரில் பதிவாகியிருந்தது. இடுப்பு மூட்டு தேய்ந்து போயிருந்தது கணவருக்கு.

இந்தக் குளறுபடி எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானே விளங்கிவிடும். அவர் நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நடந்தே சம்பாதித்தவர். நடை அவருக்கு மீசை மாதிரி, அதில் யாரும் கை வைக்கக் கூடாது. இடது காலை இழுத்து வைக்க ஆரம்பித்த பிறகும் ஒரு கைத்தடி வாங்கச் சம்மதிக்கவில்லை. மகளைப் பார்க்கப் போக விமான டிக்கெட் போடும்போது, சக்கர நாற்காலி கேட்டு வைக்கலாமா என்று மனைவி மெல்லப் பேச்சை எடுத்தாள்.

"என்னைத் தூக்கிட்டுப் போற நாள் ஒண்ணு வரத்தான் போகுது. அன்னைக்கு நாலு பேரா வரட்டும். ஒருத்தன் தள்ளிக்கிட்டுப் போறதெல்லாம் வேண்டாம்" என்றார்.

அவள் டிக்கெட் போடுகிறவரைத் தனியாகக் கூப்பிட்டு, நாற்காலியைத் தன் பெயரில் எழுதச் சொன்னாள். அன்றிலிருந்து வீட்டில் முட்டியைத் தடவிக்கொண்டே நடமாடினாள். தைலம் தேய்த்துக்கொண்டாள். முனகலும் சேர்த்துக்கொண்டாள். உடம்பைக் குறை என்று எத்தனை தடவை சொன்னேன் என்று அவர் கடிந்துகொண்டார். திட்டம் பலிக்கிறது என்று அவள் இன்னும் கொஞ்சம் முனகினாள்.

அவள் எதையும் விசாரிக்காமல் இறங்குகிறவள் இல்லை. விமான நிலையத்தில் நாற்காலி கேட்பவர்களை மூன்று விதமாகப் பிரிக்கிறார்கள். தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறிவிடுவார்கள் என்பது முதல் வகை. கொஞ்சம் நடப்பார்கள், படி ஏற முடியாது என்பது இரண்டாவது. மூன்றாம் வகையினருக்கு இரண்டுமே முடியாது. விமானத்துக்குள் இருக்கைகளின் நடுவே நுழைகிற ஒல்லியான ஒரு நாற்காலியில் வைத்து இடம் வரை கொண்டுபோய் அமர்த்த வேண்டும். எந்த வகை என்று பயணியின் பெயருக்கு எதிரே ஒரு குறி விழுகிறது. வழியெங்கும் ஏற்பாடுகள் எல்லாம் அந்தக் குறியைப் பார்த்துத்தான். அவள் கேட்டு வாங்கியது இரண்டாவது குறி. அதில் ஒரு வசதி உண்டு. துணைக்கு ஒருவர் கூடவே வரலாம். அதே லிப்ட், அதே குட்டி வரிசை, படிக்குப் பதிலாக அதே ஏற்றும் வண்டி. நடக்கும்போது நாற்காலியின் கைப்பிடியில் ஒரு கையை ஊன்றிக்கொள்ளவும் செய்யலாம். நாற்காலி அவளுக்கு, வழி அவருக்கு.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒன்றே ஒன்றை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நாற்காலிப் பயணிகளை விமானத்தில் முதலில் ஏற்றுவார்கள், கடைசியாகத்தான் இறக்குவார்கள். உள்ளே வழி ஒடுக்கம். மெதுவாக நடக்கும் ஒருவர் முன்னால் போனால் பின்னால் உள்ள அத்தனை பேரும் நிற்க வேண்டும். அதனால் கூட்டம் முழுக்க வடிந்த பிறகுதான் நாற்காலிப் பயணிகள் கதவுக்கு வருவார்கள். நேரம் நிறைய இருந்தால் இதில் கஷ்டம் இல்லை. இவர்களோ நடுவழியில் விமானம் மாற வேண்டியவர்கள். முதல் விமானமே தாமதமாகத்தான் தரையிறங்கியது.

மகளுக்கு மறுநாள் காலையில் அறுவை சிகிச்சை. வயிற்றில் கட்டி. ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போட்டாகிவிட்டது. அந்த ஊரில் அவளுக்கு வேறு யாரும் கிடையாது. சொந்தக்காரர் ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டுக் கூடவே இருந்தால்தான் செய்வோம் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். இன்னும் தள்ளிப்போட்டால் தனக்குப் பொறுப்பில்லை என்றும் மருத்துவர் சொல்லிவிட்டார். இந்த இரண்டாவது விமானத்தை விட்டால் அடுத்தது நாளை மறுநாள்.

அதனால் கடைசி ஆளாக வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததுமே மனைவி, அதைத் தள்ள வந்திருந்த நாற்காலிக்காரரிடம் சுருக்கமாக விஷயத்தைச் சொன்னாள். நடுத்தர வயது மனிதர். கடிகாரத்தைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், தள்ள ஆரம்பித்தார்.

நாற்காலியில் உட்கார்ந்து போகிறவருக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. முகம் எப்போதும் முன்பக்கம். திரும்பிப் பார்த்தால் தள்ளுகிறவரின் வயிறும் சட்டைப் பொத்தானும்தான் தெரியும். பின்னால் வருபவரைக் காதால்தான் பார்க்க வேண்டும். அவள் அப்படித்தான் பார்த்துக்கொண்டு போனாள். நாற்காலியின் முன் சக்கரம் ஒன்று கீச்சிட்டுக்கொண்டே வந்தது. அதற்குப் பின்னால் கணவருடைய வலது கால் டக்கென்று விழுந்தது, இடது கால் சர்ரென்று இழுபட்டது. டக், சர்ர். கல் தரையில் அது நன்றாகக் கேட்டது. முதலில் கைப்பிடியில் இருந்த அவர் கை, வேகம் கூடியதும் நழுவிப் போயிருந்தது.

"மெதுவாப் போகலாமா?" என்று கேட்டாள்.

"மெதுவாப் போனா விமானம் போயிடும்மா" என்றார் நாற்காலிக்காரர்.

"நீங்க போங்க, நான் வந்துக்கிட்டேதான் இருக்கேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. குரலில் மூச்சு வாங்கியது.

கல் தரை முடிந்து கம்பளம் விரித்த பகுதி வந்தது. பயணிகள் காத்திருக்கும் இடங்களில் கம்பளம் போடுவதற்குக் காரணம் உண்டு. நாள் முழுக்க உருண்டு போகும் பெட்டிகளின் சத்தத்தை அது விழுங்கிவிடும். காலடிச் சத்தத்தையும் சேர்த்தே விழுங்கிவிடும். டக்கும் இல்லை, சர்ரும் இல்லை. கீச் மட்டும் கேட்டது. இருபுறமும் கண்ணாடி, அதற்கு வெளியே வால் வாலாக விமானங்கள். அவள் கைகளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு திருப்பம் போனது, இன்னொன்றும் போனது.

"நிறுத்துங்க."

நாற்காலிக்காரர் நிறுத்தினார். அவள் உடம்பை முறுக்கி எட்டிப் பார்த்தாள். யார் யாரோ வந்துகொண்டிருந்தார்கள். கணவரைக் காணோம்.

திரும்பிப் போய்க் கூட்டி வரும்படி கேட்டாள். நாற்காலிக்காரர் முடியாது என்று தலையை ஆட்டினார். அவருக்கும் மனசில்லாமல் இல்லை, விதி அப்படி. "நாற்காலியில ஆள் இருக்கறப்ப விட்டுட்டு நகரக் கூடாதும்மா. கேமரா பார்த்துக்கிட்டே இருக்கு. வேலை போயிடும்."

அவளை உட்கார வைத்தபடியே திரும்பிப் போய் மறுபடி இவ்வளவு தூரம் வர நேரம் கிடையாது. அவளுக்கு அது தெரிந்தது. ஆள் இருந்தால்தானே விட்டுவிட்டுப் போகக் கூடாது?

"பிரேக்கைப் போடுங்க" என்றாள்.

சக்கர நாற்காலியிலிருந்து எழ ஒரு முறை இருக்கிறது. முதலில் இரண்டு பக்கமும் பிரேக் விழ வேண்டும். அடுத்து, கால் வைக்கும் தட்டுகளை மேலே மடக்க வேண்டும். மடக்காமல் அதன் மேலேயே ஏறி நின்றால் நாற்காலி முன்பக்கம் குப்புறக் கவிழ்ந்துவிடும். அவள் கால் விரலாலேயே தட்டுகளை மடக்கினாள். எழுந்து நின்றாள்.

"இப்ப ஆள் இல்லை. போய் அவரை ஏத்திக்கிட்டு வாங்க. நான் கேட்டுக்குப் போய் நிறுத்தி வைக்கிறேன்."

நாற்காலிக்காரர் அவள் முட்டியைப் பார்த்தார்.

"அதுக்கு ஒண்ணும் இல்லை. போங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அவர்களுடைய கேட் கீழ்த்தளத்தில் இருந்தது. கீழ்த்தளம் என்றால் விமானம் கட்டிடத்தோடு ஒட்டி நிற்காது. தூரத்தில், திறந்த வெளியில் நிற்கும். பஸ்ஸில் போய் இறங்கிப் படிக்கட்டு ஏற வேண்டும். இரண்டாவது குறி விழுந்தவர்களுக்காக மட்டும் தனியாக ஒரு வண்டி உண்டு. லாரி மாதிரிதான் இருக்கும். அதன் முதுகில் ஓர் அறை. அறைக்கு அடியில் கத்தரிக்கோல் போலக் குறுக்கே மடிந்த இரும்புக் கால்கள். கால்கள் நிமிர்ந்தால் அறை அப்படியே உயர்ந்து விமானத்தின் எதிர்ப்பக்கக் கதவோடு பொருந்தி நிற்கும். அந்த வண்டி விலகினால்தான் அந்தக் கதவைச் சாத்த முடியும்; கதவைச் சாத்தினால்தான் விமானம் நகர முடியும்.

கேட்டில் ஒரு இளம்பெண் மட்டும் வாக்கி டாக்கியோடு நின்றிருந்தாள். கண்ணாடிக்கு வெளியே கடைசி பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் அந்த வண்டியும், அறை தாழ்ந்தபடி, காத்துக்கொண்டிருந்தது.

போர்டிங் பாஸ் இரண்டையும் வாங்கித் திரையில் பார்த்த பெண் நிமிர்ந்தாள். "நாற்காலிப் பயணி எங்க மேடம்?"

"நான்தான்."

"நாற்காலி?"

"வருது."

"நாற்காலி வராம நீங்க எப்படி வந்தீங்க?"

அவளுக்கு மூச்சு இரைத்தது. உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் தன் பெயருக்கு எதிரே உள்ள குறியை அழித்துவிடுவார்கள். குறி போனால் வண்டி போய்விடும். கணவர் பெயருக்கு எதிரே எதுவுமே இல்லை. அவர் வந்து சேர்ந்தாலும் அந்தப் படிக்கட்டை ஏறப்போவதில்லை. பக்கத்தில் இருந்த இருக்கையில் தொப்பென்று உட்கார்ந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், விமானி கேட்டுக்கிட்டே இருக்கார். படி ஏறுவீங்கன்னா பஸ்ஸுல ஏறிக்குங்க, வண்டியை அனுப்பிடறேன்."

"என்னால படி ஏற முடியாதும்மா."

பெண்ணின் பார்வை அவள் கையில் இருந்த செருப்புகளுக்குப் போயிற்று. அங்கிருந்து முகத்துக்கு வந்தது. "ஓடி வந்ததை நான் பார்த்தேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. களைத்துப் போயிருந்தாள். இப்படி எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று என்றும், வரிசையில் நிற்கச் சோம்பிக்கொண்டு நாற்காலி கேட்பவர்களால் நிஜமாகவே முடியாதவர்கள் காத்துக் கிடக்கிறார்கள் என்றும், இதற்கெல்லாம் கடைசியில் திட்டு வாங்குவது தான்தான் என்றும் சொன்னாள்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சொன்னது அத்தனையும் நியாயம். ஆனாலும் முட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

பஸ் கிளம்பிவிட்டது. பெண் வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனாள். பொத்தானில் கட்டைவிரல் விழுந்தது. "ஏத்தற வண்டி..."

கீச் என்றது.

முதலில் லிப்ட் பக்கமிருந்து கேட்டது, பிறகு நடைவழியில். வரவரக் கிட்டே வந்தது. நாற்காலிக்காரர் வியர்வை ஒழுகத் தள்ளிக்கொண்டு வந்தார். நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருந்தார். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பார்வை கூரையில் இருந்தது, அங்கே ஏதோ அளக்க வேண்டியது இருப்பது போல.

பெண் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். "சார் பேர்ல நாற்காலி இல்லையே. இந்த மேடத்துக்குத்தானே முட்டி வலி?"

மனைவி வாயைத் திறப்பதற்குள் அவர் பேசினார். கேட்டில் வேறு யாரும் இல்லை என்றாலும் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரித்தான் பேசினார்.

"அவளுக்கு ஒண்ணும் இல்லைம்மா. படி ஏற முடியாதவன் நான்தான். நான் நாற்காலி வேண்டாம்னு சொன்னேன், அதனால தன் பேர்ல வாங்கினா. திட்டறதா இருந்தா என்னைத் திட்டு. ஆனா வண்டியை மட்டும் அனுப்பிடாதே. நாளைக்குக் காலையில எங்க பொண்ணு பக்கத்துல நாங்க நிக்கணும்."

பெண் ஒரு கணம் இருவரையும் பார்த்தாள். பிறகு குனிந்து விசைப்பலகையில் தட்டினாள். ஒரு குறி அழிந்து இன்னொரு பெயருக்கு எதிரே விழ எவ்வளவு நேரம் ஆகும்? அதிக நேரம் ஆகவில்லை.

"ஏத்தற வண்டி, நில்லுங்க" என்றாள் வாக்கி டாக்கியில். "பயணி வந்தாச்சு. ஒருத்தர் நாற்காலி, ஒருத்தர் துணை."

வண்டி தார்த்தரையைக் கடந்து விமானத்தின் பக்கவாட்டில் போய் நின்றது. இரும்புக் கால்கள் நிமிர, அறை குலுங்கி மேலே போனது. நாற்காலியின் சக்கரங்களைத் தரையில் இருந்த கொக்கிகளில் மாட்டிவிட்டு நாற்காலிக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சார் உட்காரவே மாட்டேன் என்று அடம் பிடித்ததாகவும், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதாகவும், அம்மா ஓடிவிட்டார்கள் என்று தான் சொன்னதாகவும் அவளிடம் சொன்னார்.

"ஓடினாளான்னு ஒரே ஒரு தடவை கேட்டார். உடனே உட்கார்ந்துட்டார்."

கணவர் அதைக் காதில் வாங்காதவர் மாதிரி, இரும்புக் கால்கள் நிமிர்கிற விதத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து கண்ணை எடுக்காமலே, "முட்டி எப்படி இருக்கு?" என்றார்.

அவள் யோசித்தாள். "இப்பதாங்க நிஜமாவே வலிக்குது."

"தைலம் பெட்டியில போயிடுச்சு."

கதவு திறந்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் இவர்களைத்தான் பார்த்தார்கள். அவர் எழவில்லை. நாற்காலிக்காரர் கொக்கிகளைக் கழற்றி, கால் தட்டுகளை மடக்கி, கையைக் கொடுக்கும்வரை காத்திருந்தார். பிறகு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இருக்கைகளின் முதுகை ஒவ்வொன்றாகப் பற்றி நடந்து, தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். அவளிடமிருந்து போனை வாங்கினார்.

"ஏறிட்டோம்மா" என்றார் மகளிடம். "இறங்கறப்ப கொஞ்சம் நேரமாகும், கடைசியாத்தான் விடுவாங்க. கவலைப்படாம தூங்கு. இல்ல, உங்கம்மாவுக்கு இல்ல. எனக்குத்தான் நாற்காலி."