ஆத்தா வந்த வீட்டில் உண்ணி

கெங்கம்மாவின் மகள் சுலோச்சனாவுக்குக் காய்ச்சல் கண்ட நாலாம் நாள் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சிவப்புப் புள்ளிகள் கிளம்பின. கெங்கம்மாவின் நாத்தனார் பச்சையம்மா ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். மறு நிமிஷம் வாசலில் வேப்பிலை செருகிவிட்டாள். மயிலாப்பூர்க் கடலோரக் குப்பத்தில் அன்றிலிருந்து அது ஆத்தாவின் வீடு. தாளிப்பு ஆகாது, மீன் ஆகாது, எந்த உயிரையும் கொல்லல் ஆகாது.

இந்தக் கடைசிக் கட்டுதான் கெங்கம்மாவை உறுத்தியது. மகளின் பாயோரம் படுத்துக் கிடந்த நாய் கருவாயனின் காதுக்குள் உண்ணிகள் புளியங்கொட்டை பருமனுக்கு ஊதியிருந்தன. சிறியவை பாயில் ஊர்ந்தன. அதே பாயில்தான் சுலோச்சனாவின் தம்பி, கைக்குழந்தை மாசிலாமணி தவழ்ந்தான்.

ஆட்டுக்குத் தழை ஒடிக்க வந்த அமீனா பீ வேலிக்கு அப்பாலிருந்தே திண்ணையில் கிடந்த சுலோச்சனாவைப் பார்த்தாள்.

"இன்னா கெங்கம்மா, அம்மைன்னா மூஞ்சில இல்ல மொதல்ல வரும்? இதுக்கு உள்ளங்கால்லகூட பூத்துக் கீது. எங்கண்ணன் அடையாத்துல தொரை ஊட்டு நாயிங்கள பாத்துக்கினு கீறாரு. அவருக்கும் இப்டித்தான் வந்துச்சு. உண்ணி கடிச்ச காய்ச்சல்னு டாக்டர் சொன்னாராம். நாய வெளிய கட்டு. கையால நசுக்காத, நெருப்புல போடு."

கெங்கம்மா முள்வாங்கியும் நெருப்புச் சட்டியுமாக உட்கார்ந்தாள். பச்சையம்மா சட்டியைக் காலால் தள்ளினாள்.

"ஆத்தா ஊட்ல உசுரு எடுக்கிறியாடி? பெத்த புள்ளைய நீயே அவகிட்ட தூக்கிக் குடுக்கிறியா?"

"ஆத்தா இல்ல அண்ணி. உண்ணி."

"ஆட்டுக்காரி சொன்னா ஒனக்கு வேதமா?"

கெங்கம்மா புருஷனைப் பார்த்தாள். முனியன் மணலைப் பார்த்தான். "அக்கா சொல்றத கேளேன்," என்றான்.

கேட்டாள். இரண்டு நாள் கேட்டாள்.

மூன்றாம் நாள் காலை மாசிலாமணியின் காது மடலுக்குப் பின்னால் ஓர் உண்ணி கவ்வியிருந்தது. அவள் யாரையும் கேட்கவில்லை. அதை முள்வாங்கியால் பிடுங்கினாள். நாயை மணலுக்கு இழுத்துப் போய், நெருப்புச் சட்டி படபடவென்று வெடிக்க வெடிக்க, ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். மகளை வேறு பாயில் கிடத்திவிட்டு அந்தப் பாயையும் கொளுத்தினாள். பச்சையம்மா தெருவுக்கே கேட்கும்படி சபித்துக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் சுலோச்சனா போய்விட்டாள்.

"பாத்துக்கினீங்களா? ஆத்தா கட்ட மீறி, அவ கண்ணெதிர்லயே உசுரு எடுத்தா. ஆத்தா புள்ளைய எடுத்துக்கினு பூட்டா!" பச்சையம்மா கூடியிருந்தவர்களிடம் மார்பில் அடித்துக்கொண்டாள். பிறகு கெங்கம்மாவின் இடுப்பிலிருந்த மாசிலாமணியைப் பிடுங்கக் கை நீட்டினாள். "இத்தயாவது எங்கிட்ட குடு, கொலகாரி."

பச்சையம்மாவின் முந்தானையில் தவிட்டு நிறத்தில் ஒன்று மேலே ஏறிக்கொண்டிருந்தது.

கெங்கம்மா ஓரடி பின்வாங்கினாள். அவள் கண்ணில் சொட்டு நீர் இல்லை.

"மொதல்ல பொடவைய ஒதறு அண்ணி. அப்பால கிட்ட வா."

பச்சையம்மா குனிந்து பார்த்தாள். உதறினாள். அதற்குப் பிறகும் குப்பம் முழுக்கக் கெங்கம்மாவைக் கொலைகாரி என்றேதான் சொல்லிவந்தாள். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே மாசிலாமணி வளர்ந்தான்.