பதினோரு நிமிட வண்டி

“இது காரா, படகா? நீ சொல்லு ஆத்தா, நீ சொன்னாச் சரி” என்று பாண்டீஸ்வரன் என்னைக் கேட்டார். டெம்போவிலிருந்து அதை இறக்கிக்கொண்டிருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையிலிருந்த ஸ்பேனரை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். என்னிடம் பதில் இருந்தது. ஆட்கள் பார்த்தால் எனக்கு வாய் திறக்காது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அதுதான் பாதிக் காரணம்.

வண்டிக்கு ஆறு சக்கரம். உடம்பு பெரிய பிளாஸ்டிக் தொட்டி மாதிரி இருந்தது. ஸ்டியரிங் கிடையாது, இரண்டு கம்பிகளை இழுத்துத்தான் திருப்ப வேண்டும். சேற்றில் போகும், தண்ணீரில் மிதக்கும். தண்ணீருக்குள் டயர்களே துடுப்பு. வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு எஸ்டேட்டில் பல வருடம் சும்மா கிடந்ததாம். பாண்டீஸ்வரன் கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருந்தார். தண்ணீர் வற்றி, ஓரமெல்லாம் இடுப்பளவு சேறு. நடுவில் கிடக்கும் மீனை எடுக்க இதுதான் வழி என்று வாங்கிவிட்டார்.

இன்ஜின் பழைய டூ ஸ்ட்ரோக். அதனால்தான் எங்களிடம் வந்தது. மார்க்கையன்கோட்டை ரோட்டில் எங்கள் பட்டறை. திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயர்கள்தான் எங்கள் பிழைப்பு, அவையெல்லாம் டூ ஸ்ட்ரோக். பட்டறை என் அண்ணன் செல்லப்பாண்டியுடையது. ஆனால் இன்ஜினைத் திறப்பது மாரிசெல்வம் அண்ணன். பழனிசெட்டிபட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். குமுளியில் வேலை பார்த்தவர், எது உடைந்தாலும் மலையாளத்தில் “சாரமில்ல” என்பார், பரவாயில்லை என்று அர்த்தம். நான் சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுப்பேன். எந்த மிஷினுக்கு என்ன கோளாறு, எப்படிச் சரியானது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். நோட்டு விஷயம் யாருக்கும் தெரியாது.

மாரி அண்ணன் பிஸ்டன் ரிங் மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி, மூன்றே நாளில் இன்ஜினை உயிர்ப்பித்துவிட்டார். முற்றத்தில் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டினார். அவர் சாப்பிடப் போன நேரத்தில் அண்ணன் ஓட்டை அடைக்கிற எம்சீலைப் பிசைந்துகொண்டு வண்டியைச் சுற்றி வந்தான்.

“தண்ணிக்குள்ள போற சாமான். ஒரு ஓட்ட இருக்கப்படாது” என்று கண்ணில் பட்டதையெல்லாம் அடைத்தான். நான்தான் எம்சீலை உருட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் கண்மாயில் வண்டி சரியாக இறங்கியது, மிதந்தது, நடுவில் போய் நின்றுவிட்டது. அண்ணனையும் பாண்டீஸ்வரனையும் வண்டியோடு கயிறு கட்டித்தான் கரைக்கு இழுத்தார்கள். கரையில் இருந்தவர்கள் “ஏலே, ரெண்டு கெண்டையாச்சும் கொண்டா” என்று கத்தினார்களாம். அண்ணன் சேறோடு வந்து மாரி அண்ணன் முன்னால் நின்றான்.

“ஆறு வருசம் இங்கன வேல பாக்குறீக. என்னைய நடுத் தண்ணியில உக்கார வச்சிட்டீகளே.”

மாரி அண்ணன் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பொறி நன்றாக வந்தது. பெட்ரோல் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தார். பாதி டேங்க் இருந்தது. மூடிவிட்டு இழுத்தார், ஒரே இழுப்பில் ஓடியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது. ஆயில் கலவையைக் குறைத்தார், காயிலை மாற்றினார். ஆயில் சீல் வழியாகக் காற்று உறிஞ்சுகிறதோ என்று கிராங்க் கேஸையே பிரித்தார். ஒவ்வொரு தடவையும் அதே கதை.

நான் நோட்டில் நேரம் எழுதிக்கொண்டிருந்தேன். பதினோரு நிமிடம். பன்னிரண்டு. மறுபடி பதினொன்று. பக்கத்திலேயே, நின்ற பிறகு அவர் என்ன செய்தார் என்றும் எழுதியிருந்தேன். பிளக் ஒரு தடவை, காயில் ஒரு தடவை. ஆனால் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பது மட்டும் எல்லாத் தடவையும் இருந்தது. திறக்கும்போது ‘உஸ்’ என்று ஒரு சத்தம் வரும்.

அவர்கள் சாப்பிடப் போனதும் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். மேலே சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு, எம்சீல். பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று போக வேண்டும். அந்தச் சின்ன ஓட்டையை அடைத்தால் பெட்ரோல் கீழே வராது. மூடியைத் திறந்தால் காற்று புகும், திரும்ப ஓடும். ஸ்பிரேயரின் மருந்து டேங்க்குக்கு இதற்கு நேர்மாறு. அதில் மூடி காற்றுப் புகாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து பீச்சாது. பத்து வருடமாக ஸ்பிரேயர் மூடிகளை இறுக்கிப் பழகிய அண்ணன் கை, இதையும் அடைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் போனேன்.

“அண்ணே, அந்த மூடியில...”

“மூடியாவது தட்டாவது. பேசாமப் போயி டீயக் கொண்டா.”

டீயைக் கொண்டுவந்தேன்.

மாரி அண்ணனிடமே சொல்லியிருக்கலாம். சொன்னால் அண்ணன் செய்த தப்பென்று சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் முழுக்க அவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். “சாரமில்ல” என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவர் வீட்டுக்குக் கிளம்பும்போது அண்ணன் சொன்னான்: “நாளைக்கும் நின்னுச்சுன்னா நீங்க வேற எடம் பாத்துக்கங்க.” அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த நாள் காலையில் யாரும் வருமுன் மூடியைக் கழற்றி, ஆணியால் எம்சீலைச் சுரண்டி, கோணி ஊசியை விட்டு ஓட்டையைத் திறந்தேன். வண்டி ஓடிவிட்டால் யாரும் யாரையும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது, எல்லாம் அமுங்கிவிடும் என்று நம்பினேன்.

வண்டி ஓடியது. பாண்டீஸ்வரன் வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அரை மணி நேரம் நிற்கவில்லை.

“அடேயப்பா! என்னப்பா செஞ்சீக?”

“நேத்து இவுக போனப்புறம் நான்தேன் உக்காந்து கார்புரேட்டர ஒரு திருப்புத் திருப்புனேன்” என்றான் அண்ணன். “இவுக மூணு நாளாப் படுத்துக் கெடந்ததுதேன் மிச்சம்.”

“அப்பச் சம்பளத்த அவுக படுத்துக் கெடந்த பாயிக்குக் குடு” என்று பாண்டீஸ்வரன் சிரித்தார்.

மாரி அண்ணன் சிரிக்கவில்லை. இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார். “கார்புரேட்டர்ல ஒண்ணுமில்ல செல்லப்பாண்டி. ஏன் ஓடுதுன்னு தெரியாமக் குடுக்காத. மறுபடி நடுத் தண்ணியில நிக்கும்.”

“வேல தெரியாதவுக பேசுற பேச்சு.”

“மூடி” என்றேன்.

என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. மூன்று பேரும் திரும்பினார்கள். “பெட்ரோல் மூடியில காத்துப் போற ஓட்டய அண்ணன் எம்சீல் வச்சு அடச்சிருச்சு. காலையில நான்தான் குத்தி விட்டேன். மாரி அண்ணன் செஞ்ச வேலையில கொறயே இல்ல.”

மாரி அண்ணன் இன்ஜினை நிறுத்தி மூடியைக் கழற்றினார். ஓட்டையைச் சுற்றி ஒட்டியிருந்த சாம்பல் துணுக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பாண்டீஸ்வரன் தொடையில் தட்டிச் சிரித்தார். “ஏலே செல்லப்பாண்டி, திராச்சைக்கு மருந்தடிக்கவா கொண்டாந்தேன் இத?” அண்ணன் முகம் கறுத்துவிட்டது.

மாரி அண்ணன் என்னைக் கேட்டார். “எப்பப் பாத்த சொர்ணம்?”

இன்றைக்குக் காலையில் என்று சொல்லியிருக்கலாம்.

“முந்தாநாள் மத்தியானம்.”

அவர் கணக்குப் போடுவது தெரிந்தது. முந்தாநாள் சாயங்காலம், நேற்றுக் காலை, வண்டிக்கு அடியில் கிடந்த பகல், போகும்போது அண்ணன் சொன்னது. அத்தனையிலும் நான் பக்கத்தில் இருந்தேன்.

“சரி, விடுங்கண்ணே” என்றான் அண்ணன், தரையைப் பார்த்து. “நடந்தது நடந்துபோச்சு. கண்மாய்க்கு நீங்களே ஓட்டிட்டுப் போங்க. நாளைக்கு வழக்கம்போல வாங்க.”

மாரி அண்ணன் மூடியைத் திரும்பப் பொருத்தித் துணியால் ஒரு தடவை துடைத்தார். குழாயடியில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார். சட்டையை மாற்றினார். ஆணியில் தொங்கிய சாப்பாட்டுப் பையை எடுத்தார், காலையில் கொண்டுவந்த சோறு அதில் அப்படியே இருந்தது. ஸ்டூல் மேல் கிடந்த ஸ்பேனர்களில் அவருடைய மூன்றை மட்டும் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். என்னைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். நான் ஒதுங்கி வழி விட்டேன். அவர் ரோட்டில் இறங்கி, பஸ் நிற்கும் பக்கமாக நடந்தார்.