ஏழு தண்ணிக் கல்

ஃபிரிட்ஜில் கல்லை வைத்துப் பாதுகாக்கிற வீடு தென்காசியிலேயே தில்லைநாயகம் வீடு ஒன்றாகத்தான் இருக்கும். மாவுப் பாத்திரத்துக்கும் கொத்தமல்லிக் கட்டுக்கும் நடுவில், மூடி இறுக்கிய ஒரு கண்ணாடிச் சீசா. உள்ளே ஈரப் பஞ்சு. பஞ்சின்மேல் கைக்கு அடங்குகிற பாறைத் துண்டு, அதன்மேல் வெளுத்த நீலத்தில் ஒரு பொருக்கு. வடக்கே தாமிரச் சுரங்கத்தில் வேலை பார்த்த மகன் முத்துகுமரன் பொங்கல் லீவுக்கு வந்தபோது, ஐஸ் கட்டிகளுக்கு நடுவே பச்சைப்பிள்ளையைப் போலக் கொண்டுவந்து வைத்தது.

"இதுக்குப் பேரு பூத்தைட்டுப்பா. தாமிரத்துல உண்டாகுற உப்பு. சாதாரணமா இந்த வகையில ஒரு பங்குக்கு அஞ்சு பங்கு தண்ணி சேர்ந்திருக்கும். இதுல ஏழு. ரொம்ப அபூர்வம். வறண்ட காத்து பட்டாப் போதும், ரெண்டு தண்ணி ஓடிப்போயி இதுவும் சாதாரணக் கல்லாயிரும். ஈரமா, குளுமையா இருக்கணும். அங்கன ரூம்ல ஃபிரிட்ஜ் இல்ல. லேப்ல சோதிக்க எனக்கு முறை வாற வரைக்கும் இங்கன இருக்கட்டும்."

"கல்லுக்குக் கூடவா லே தண்ணி தவிக்கும்?" என்று சிரித்தாள் அம்மா முத்துவடிவு.

முறை வருவதற்குள் லாரி வந்துவிட்டது. ஆனி மாதத்தில், சுரங்கத்து ஊர் நெடுஞ்சாலையில், அவன்மேல். உடலைப் பெட்டியில் வைத்து ஆணியடித்துக் கொண்டுவந்தார்கள். திறக்க வேண்டாம் என்றார்கள். நீர்மாலைத் தண்ணீர் எடுத்துவந்து பிள்ளையைக் குளிப்பாட்டி அனுப்புகிற கொடுப்பினைகூட இல்லாமல் போனது. தில்லைநாயகம் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. மனுஷனுக்கு அழுத்தம் அதிகம். ஆனால் குளியலறையில் முதல் செம்புத் தண்ணீரைத் தன் தலையில் ஊற்றிக்கொள்ள ஒரு வருஷமாக அவருக்குக் கை கூசியது.

முதல் திதிக்கு முந்தின வாரம் குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டது. ஐந்தருவிக்குப் போய் ஒரு குடம் பிடித்துவந்தார். முத்துவடிவு ஆய்க்குடி முருகனைக் கும்பிடப் போயிருந்தாள். கல்லை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தார். வறட்சி ஆகாது என்றுதான் மகன் சொல்லியிருந்தான்; தண்ணீர் ஆகாது என்று சொல்லவில்லையே. "முத்தையா" என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு, நிறுத்தாமல் ஊற்றினார்.

எலுமிச்சைத் தோட்டத்துக்கு ஆயுசு முழுக்க மயில் துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து மருந்தடித்த மனுஷன். துத்தம் தண்ணீரில் கரையும் என்பது அவருக்குத் தெரியாததா? ஆனால் துத்தம் கடையில் பொட்டலம் கட்டித் தருவது. இது மகன் கொண்டுவந்த கல். இரண்டும் ஒரே வம்சம் என்பது அந்த நேரத்தில் புத்திக்கு எட்டவில்லை.

குடம் காலியானபோது தாம்பாளம் நீலமாக நின்றது. பாறை மொட்டையாக, சாம்பல் நிறத்தில் கிடந்தது.

மருந்து கரைக்கிற டிரம்மின் அடியில் நீலக் கட்டிகள் விளைந்து நிற்பதை எத்தனையோ தடவை பார்த்தவர் அவர். தோட்டத்துச் சாய்ப்பிலிருந்து துத்தத்தை எடுத்துவந்து, தாம்பாளத்துத் தண்ணீரோடு காய்ச்சி, பாறையை நூலில் கட்டி அதற்குள் தொங்கவிட்டு, பாத்திரத்தை மச்சில் ஒளித்தார். தண்ணீர் ஆற ஆறக் கல் விளைந்தது. பழையதை விட அழகாக, கட்டி கட்டியாக, மயில் கழுத்து நிறத்தில். எடுத்துச் சீசாவில் போட்டு மூடினார். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரிதான் அந்த வாரம் முழுக்க வீட்டில் நடமாடினார்.

"கல்லு சாரலுக்கு நல்லாத் தெளிஞ்சிருக்கு பாருங்க," என்றாள் முத்துவடிவு, மாவு எடுக்கும்போது. அவர் "ம்" என்றார்.

திதியன்று ப்ரீதா வந்தாள். முத்துகுமரனோடு அதே சுரங்கத்தில் வேலை பார்த்த பெண். படத்துக்கு முன்னால் கும்பிட்டுவிட்டு, முத்துவடிவு காபி போட உள்ளே போனதும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அங்கிள், அவன் எடுத்தது வெறும் துத்தக் கல்லுதான்னு அங்க எல்லாரும் சொன்னாங்க. அவன் மட்டும் ஏழுன்னு அடிச்சுச் சொன்னான். இப்ப மெஷின்ல வைக்க எனக்கு முறை கிடைச்சிருக்கு. ஏழுன்னு வந்துட்டா, கண்டுபிடிச்சவன் அவன்னு பேரு போட்டுக் கட்டுரை எழுதிடுவேன். ஒரு துணுக்கு போதும்."

தில்லைநாயகம் சீசாவை எடுத்துக் கொடுத்தார். வேறென்ன செய்வார்? அவள் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"இவ்வளவு அடர்த்தியா நீலமா இருந்தா... அஞ்சுதான் அங்கிள். பாவம், அவன்தான் தப்பாப் பார்த்திருக்கான்."

சும்மா இருந்திருந்தால் காரியம் அத்தோடு முடிந்திருக்கும். கல் கரைந்தது முத்துவடிவுக்குக் கடைசிவரை தெரியாமலே போயிருக்கும்; அவன் கைபட்டது என்று ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் வாயில்லாத பிள்ளைமேல், பெற்ற தகப்பனே ஒரு தப்பை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பதா? அவருக்கு நெஞ்சு தாங்கவில்லை.

"எம் மவன் தப்பாப் பாக்கலம்மா. அவன் சொன்னது சரி. இது அவன் கல்லே இல்ல, நான் தோட்டத்துத் துத்தத்துல விளைய வச்சது. அவன் கல்லை நான் கரைச்சுட்டேன்."

சொல்லி நிமிர்ந்தால், காபித் தட்டோடு முத்துவடிவு நிற்கிறாள். இனி மறைக்க ஒன்றுமில்லை. ஐந்தருவிக் குடத்திலிருந்து மச்சுப் பாத்திரம் வரைக்கும் அவளுக்கும் சேர்த்தே சொன்னார்.

ப்ரீதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கல்லு இல்லாம அவன் பேரைப் போட முடியாது அங்கிள். ஆனா அவன் தப்புன்னு இனிமே யாரையும் சொல்ல விடமாட்டேன்."

முத்துவடிவு தட்டை மேசையில் வைத்தாள். அழுவாள் என்று நினைத்தார். ஏசுவாள் என்றும் நினைத்தார். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"கல்லு போனாப் போகுது. எம் புள்ளைக்குத் தண்ணி ஊத்தப் போறேன்னு எனக்கு ஒரு வார்த்தை சொன்னீகளா? நான் இல்லாத நேரம் பார்த்து, நீங்க மட்டும் தனியாக் குளிப்பாட்டிட்டு வந்து உக்காந்திருக்கீகளே! ஒரு செம்பு நானும் ஊத்தியிருப்பேன்லா?"